கத்தரிக் கலர்

மெத்தை வாங்க வருகிறவர்கள் மெத்தையில் படுத்துப் பார்ப்பதில்லை. நம்பிக்கை இல்லையென்றால் மெத்தைக் கடை வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், உங்களை உட்கார வைத்து அழுவார்கள். உள்ளே வருகிறவர் முதலில் ஒரு விரலால் குத்துவார். அப்புறம் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். கொஞ்சம் துணிச்சல்காரராக இருந்தால் பட்டும் படாமலும் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை எம்பிப் பார்ப்பார். பிறகு, "வீட்ல கலந்துக்கிட்டு வர்றேங்க" என்று எழுந்து போவார். போனவர் போனவர்தான். காய்கறிக் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற அதே மனிதர், ஆயுசில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கப்போகிற சாமானை இப்படி விரல் நுனியால் விசாரித்துவிட்டுப் போனால் கடைக்காரிக்கு எரியுமா எரியாதா?

மெத்தைக்காவுக்கு நன்றாகவே எரிந்தது. தெருவில் எல்லாருக்கும் அவள் மெத்தைக்காதான். பார்சல் கொண்டு வருகிறவர் முதல் பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கென்று வேறு பெயர் இருப்பது லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம். கடை திறப்பதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு அலுவலகத்தின் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, ஒரு கைப்பிடி அகல ஓட்டை வழியாக "அடுத்து யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். கனவில்கூட "அடுத்து யாரு?" என்று கேட்டாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வேலையை விட்டுவிட்டு ஒரு மெத்தைக் கம்பெனியின் ஏஜென்சியை எடுத்தாள். இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வருகிற அந்தக் கடகட சத்தம் இன்றைக்கும் அவளுக்குச் சந்தோஷத்தைத் தரும்.

கடை என்னவோ நல்ல கடைதான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு எதிரே நான்கடி தள்ளி பஸ் ஸ்டாப். உள்ளே வரிசையாக ஏழு கட்டில், ஏழு மெத்தை. சுவரெல்லாம் கம்பெனியின் ஆரஞ்சு நிறம், உச்சியில் எட்டு ட்யூப்லைட். அந்த வெளிச்சத்தில் எறும்பு போனாலும் அதன் மீசை தெரியும். இது எல்லாமே கம்பெனியின் புத்தகத்தில் உள்ளபடி செய்தது. ஆரஞ்சு என்றால் உற்சாகம், உற்சாகம் என்றால் விற்பனை என்று அந்தப் புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தது.

விற்பனைக்குத்தான் அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரியவில்லை. மாசத்துக்குப் பத்து மெத்தை போனால் அதிகம். போன மாசக் கடைசியில் கம்பெனியின் ஏரியா மேடம் வந்தார். அறுபது கடைகளைச் சுற்றி வருகிற அம்மாள். நின்றுகொண்டே பேசுவார், நின்றுகொண்டே தண்ணீர் குடிப்பார்.

"அடுத்த மாசம் முப்பது மெத்தை போகணும்மா. இல்லேன்னா ஏஜென்சியை வேற ஆளுக்கு மாத்திடுவாங்க. இது நான் சொல்லல, மேலிடம் சொல்லுது" என்றார்.

மேடம் போன பிறகு மெத்தைக்காவுக்கு அந்தக் கவுன்ட்டர் ஓட்டை கண் முன்னால் வந்து நின்றது. திரும்பிப் போய்க் கேட்டால் வேலை கொடுப்பார்கள், அதில் சந்தேகமில்லை. கொடுப்பார்களே என்பதுதான் அவளுடைய பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான் அவளுடைய கொழுந்தன். விளம்பரப் பலகை அச்சடிக்கிற இடத்தில் வேலை. சமீபத்தில் ஏதோ ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், எந்த நிறம் மனுஷனை என்ன செய்யும் என்று படித்துவிட்டு வந்திருந்தான். சான்றிதழ்கூடக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவன் வாயைத் திறந்தால் நிறம்தான். வீட்டில் அவனுக்குக் கலர் டாக்டர் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"அண்ணி, ஒரு சோதனை. ஒரே டீயை வெள்ளைக் கப்புல ஒண்ணு, சிவப்புக் கப்புல ஒண்ணு ஊத்துங்க. அண்ணன் குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும்."

ஊற்றினாள். கணவர் இரண்டையும் குடித்துவிட்டு, "சிவப்புல இருக்கறது இனிப்பா இருக்கு" என்றார்.

"பாத்தீங்களா? அதான் நிறத்தோட சக்தி!" என்று துள்ளினான் கலர் டாக்டர்.

"சர்க்கரையோட சக்தி" என்றாள் மெத்தைக்கா. "போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்துது. சிவப்புக் கப்புல இன்னொரு தடவ போட்டுட்டேன்."

இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவன்? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சாப்பாட்டுக் கடைக்காரன் எதுக்குச் சிவப்புப் பலகை வைக்கிறான் தெரியுமா? வா, சாப்பிடு, எந்திரி, அடுத்தவனுக்கு இடம் விடு! சிவப்பு விரட்டும். நீலம் நம்ப வைக்கும், அதான் பேங்குல நீலம். பச்சை இருக்கே, அது உடம்புக்கு நல்லதுன்னு ஒரு நினைப்பு. டப்பாக்குள்ள எந்தக் கருமம் இருந்தாலும் வெளியில பச்சையா இருந்தா வாங்கிடுவாங்க. சரி, உங்க கடை என்ன கலரு?"

"ஆரஞ்சு."

"ஆரஞ்சு ஓடச் சொல்லும் அண்ணி! நாலு பக்கமும் ஆரஞ்சை அடிச்சு நடுவுல மெத்தையைப் போட்டுத் தூங்குன்னா எவன் தூங்குவான்? ஒரு காலை வாசல்லயே வச்சிருப்பான்."

அவன் சொல்வதில் பாதிக்குமேல் கதை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு காலை வாசலிலேயே வைத்திருப்பது மட்டும் உண்மை, அதைத் தினமும் அவள் பார்க்கிறாளே.

"அப்போ தூக்கத்துக்கு என்ன கலரு தம்பி?"

"இளம் ஊதா. கத்தரிப்பூ இருக்குல்ல, அந்த நிறம். லைட்டையும் மாத்திடுங்க. கவிழ்த்த கூடை மாதிரி தொங்குமே, மஞ்ச லைட்டு, அது."

"கத்தரிக்குப் பூவெல்லாம் இருக்கா?" என்றார் கணவர். அவர் அகராதியில் மொத்தமே ஐந்து நிறங்கள்தான்.

"கம்பெனி ஆரஞ்சு மேல கை வச்சா மேடம் சும்மா விடுவாங்களா?" என்று கேட்டாள் அவள்.

"முப்பது வித்துக் காட்டுங்க, விடுவாங்க."

முப்பது விற்கவில்லை என்றாலும் கடை போகத்தான் போகிறது. போகிற கடை ஆரஞ்சாகப் போனால் என்ன, ஊதாவாகப் போனால் என்ன? அவள் துணிந்துவிட்டாள்.

பெயின்டருக்கு போன் போட்டாள். அந்த வட்டாரத்தில் அவருக்கு ரெண்டு கோட்டு என்று பெயர். ஒரு கோட் அடித்தால் போதும் என்று யார் கெஞ்சினாலும் கேட்காமல் இரண்டாவது கோட்டும் அடித்துவிட்டுத்தான் ஏணியை மடக்குவார். அவள் கூப்பிட்ட நேரத்தில் அவர் எங்கேயோ ஏணியின் உச்சியில் இருந்தார்.

"கடை முழுக்க அடிக்கணும்ண்ணே. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல முடியணும்."

"முடிச்சிடலாம்மா. என்ன கலரு?"

"கத்தரிக் கலர்ண்ணே."

அந்தப் பக்கம் பிரஷ்ஷை டப்பாவில் வைக்கிற சத்தம் கேட்டது.

"கத்தரிக் கலரா? கடைக்கா? நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களாம்மா?"

"நல்லா யோசிச்சுதாண்ணே சொல்றேன். அதையே அடிங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மெத்தைக்கா பிறந்த வீட்டில் கத்தரிக் கலர் என்றால் கத்தரிப்பூவின் நிறம்தான். பள்ளிக்கூட நாளில் அவள் பின்னலில் கட்டிய ரிப்பன் அந்த நிறம். அதை யாரும் பூவைச் சேர்த்துச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. ரெண்டு கோட்டுக்கோ கத்தரி என்றால் சந்தையில் குவித்து வைத்திருக்கிற, பளபளவென்று கறுத்து மின்னுகிற காய். ஆக, கொழுந்தன் வாயிலிருந்து கிளம்பிய பூ, ஏணி உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் வழியில் உதிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை ராத்திரி புது விளக்குகளை மாட்டி முடித்ததும் ரெண்டு கோட்டிடம் மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை காலை வழக்கம்போல ஷட்டரைத் தூக்கினாள். கடகட சத்தம் வந்தது. சந்தோஷம் வரவில்லை.

உள்ளே ஒரு குகை இருந்தது. சுவர் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முற்றிய கத்தரிக்காயை மூன்றாகப் பிளந்து தோலை உள்பக்கமாகத் திருப்பி வைத்தது போல மூன்று சுவரும் கருஊதாவில் மின்னின. புதிதாகத் தொங்கிய கூடை விளக்குகள் ஒவ்வொரு மெத்தையின் மேலும் ஒரு வட்டம் மஞ்சள் வெளிச்சத்தைக் கொட்டிவிட்டு, மற்ற இடத்தை எல்லாம் இருட்டுக்கே விட்டுவிட்டன. மெத்தைக்கா தலையில் கை வைத்துக்கொண்டு முதல் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போனை எடுத்தாள்.

"அண்ணே! என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? நான் கேட்டது கத்தரிப்பூ! நீங்க காயை அடிச்சு வச்சிருக்கீங்க!"

"நீங்க பூன்னு சொல்லலையேம்மா..."

"சொன்னேன்!"

"சரிம்மா, கோவப்படாதீங்க. கொஞ்சம் மேல பாருங்க..."

"மேல என்னத்தைப் பாக்கறது? மேல இருக்கறவன்தான் இனிமே என்னைக் காப்பாத்தணும்!" என்று கத்திவிட்டு போனை வைத்தாள். அவர் திரும்ப இரண்டு முறை கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.

கலர் டாக்டர் பார்க்க வந்தான். வாசலிலேயே நின்று, "ஐயோ அண்ணி, இது துக்கத்துல தள்ளும்" என்றான். கணவர் வந்து, சுற்றிலும் பார்த்து, "நீலம் நல்லாத்தானே இருக்கு" என்றார். இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். திரும்ப அடிக்கலாம் என்றால் இந்த இருட்டை மறைக்க நாலு கோட் வேண்டும், நாலு நாள் கடையைச் சாத்த வேண்டும், மெத்தையெல்லாம் பெயின்ட் வாடை பிடித்துக்கொள்ளும். இருப்பதே இந்த ஒரு மாசம்தான். நடப்பது நடக்கட்டும் என்று கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. இருட்டில் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் அந்த நிறத்தில் அப்போதைக்கு அவள் கண்ட வசதி.

பதினோரு மணிக்கு ஒரு நர்ஸ் வந்தாள். இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தவள், வெயிலுக்கு ஒதுங்கியதுபோலத்தான் தெரிந்தது. உள்ளே வந்ததும் அவள் குரல் தானாகத் தாழ்ந்தது.

"அக்கா, சும்மா படுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை மெத்தைக்காவிடம் யாரும் கேட்டதில்லை. அவள் தலையாட்டினாள். நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, மூன்றாம் கட்டிலில் காலை நீட்டி மல்லாந்து படுத்தாள். பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையே அனுப்பிடுங்க அக்கா, விலாசம் எழுதிக்கறீங்களா?" என்றாள்.

மத்தியானம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட்டார். சாயங்காலம் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து ஆளுக்கொரு பக்கம் படுத்தார்கள். "நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்" என்று கிசுகிசுவென்று சண்டை போட்டு, சிரித்து, அதையே வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மட்டும் மூன்று மெத்தை போயிற்று. மெத்தைக்கா தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு யோசனை தோன்றி, கடையை விட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள்போலத் தன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, பின்னால் போகிற ஸ்கூட்டர் தெரிந்தது, எதிர்ப்பக்கத்து மரம் தெரிந்தது. உள்ளே இருக்கிற ஏழு கட்டிலில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அந்த எட்டு ட்யூப்லைட்டின் கீழே, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற முப்பது பேர் பார்க்க, யார் மல்லாந்து படுப்பார்கள்? அவள் படுப்பாளா? வந்தவர்களுக்கு மெத்தை பிடிக்காமல் இல்லை, வெட்கமாக இருந்தது. காலை வாசலில் வைத்திருந்ததற்கு ஆரஞ்சு காரணமில்லை; முப்பது ஜோடிக் கண்கள்தான் காரணம். நிறம் மனசை என்ன செய்யும் என்று கொழுந்தன் இரண்டு நாள் படித்துவிட்டு வந்தானே, கத்தரிக்காய் இருட்டுக்குள் மனுஷனுக்குத் தன் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும் என்று அதில் ஒருவரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

அதற்குப் பிறகு கடையின் பிரச்சினையே வேறாகிவிட்டது. படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மெத்தைக்கா வீட்டிலிருந்து சமையலறைக் கடிகாரத்தைக் கொண்டு வந்து, ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்று அலாரம் வைக்க வேண்டியதாயிற்று. பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. தினமும் சாப்பிட்ட கையோடு வந்துவிடுவார்.

"எந்த மெத்தைன்னு இன்னும் முடிவு பண்ணலம்மா. ஒவ்வொண்ணா பாக்கணும்ல" என்பார். முதல் வாரத்திலேயே ஏழையும் ஒரு சுற்று முடித்துவிட்டார்.

ஒருநாள் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டே, "கண்ணைத் திறந்தா விடியக்காலம் மாதிரி இருக்கும்மா உன் கடை" என்றார்.

"அது எங்க மெத்தையோட விசேஷங்க" என்றாள் அவள் பெருமையாக. இன்னும் இரண்டு மூன்று பேரும் மேகம், வானம் என்று ஏதோ சொன்னார்கள். நல்ல மெத்தையில் படுத்தால் மனுஷனுக்குக் கவிதை வரும்போல என்று அவள் விட்டுவிட்டாள்.

கலர் டாக்டர் திரும்ப வந்தான். இந்த முறை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து நடுவில் நின்றான்.

"கருஊதா ராஜாக்களோட நிறம் அண்ணி. அதுல ஒரு கம்பீரம் இருக்கு. நான் அப்பவே சொன்னேன்ல?"

"நீ அப்பவே என்ன சொன்னே? துக்கத்துல தள்ளும்னு சொன்னே."

"து இல்ல அண்ணி, தூ. தூக்கத்துல தள்ளும்னுதான் சொன்னேன். உங்க காதுல சரியா விழல."

அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒரு எழுத்து நழுவுவதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாதுதான்.

சிரிப்புக்கு நடுவே ஒரு முள் இருக்கத்தான் செய்தது. ரெண்டு கோட்டிடம் அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம். தெருவில் ஒருமுறை ஏணியோடு எதிரே வந்தார். இவளைக் கண்டதும் ஏணியைத் திருப்பிக்கொண்டு அடுத்த சந்தில் நுழைந்துவிட்டார். கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பூ என்று சொன்னோமா இல்லையா என்று அவளுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டதால், கூப்பிடுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

மாசக் கடைசியில் ஏரியா மேடம் வந்தார். நாற்பத்தொரு மெத்தை போயிருந்தது. மேடம் விற்பனைக் கணக்குத் தாளைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்த்துவிட்டார்.

"இது என்னம்மா?"

"கத்தரிக்காய்ங்க மேடம்."

"கம்பெனி கலர் எங்கே?"

"உள்ள இருக்குங்க. இதுக்கு அடியில."

மேடம் சிரிக்கவில்லை. கையிலிருந்த படிவத்தை விரித்தார். "சுவர் நிறம் புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா" என்று ஒரு வரி, அதற்கு நேரே இரண்டு கட்டம். ஆம். இல்லை.

"நீங்க நாப்பது வித்தாலும் நானூறு வித்தாலும் இதுல 'இல்லை'ன்னு போட்டா ஏஜென்சி போயிடும்மா. அறுபது கடையும் ஒரே மாதிரி இருக்கணும். அதான் பிராண்டு. இன்னும் ஒரு வாரத்துல ஆரஞ்சு அடிச்சுடுங்க, அந்த வரியைக் காலியா விட்டு வைக்கிறேன்."

ஆரஞ்சு அடித்தால் திரும்பவும் விரலால் குத்துவார்கள். திரும்பவும் பத்து மெத்தை. மூன்று மாசத்தில் எப்படியும் கவுன்ட்டர் ஓட்டைதான். மெத்தைக்கா வாதாடவில்லை. மூன்றாம் கட்டிலின் விரிப்பைத் தட்டிவிட்டாள்.

"மேடம், செருப்பைக் கழட்டிட்டுக் கொஞ்சம் படுங்க."

"நானா?"

"நீங்கதான்."

"யாராவது பாப்பாங்கம்மா" என்று மேடம் பஸ் ஸ்டாப்பைத் திரும்பிப் பார்த்தார். வெளியே நின்றவர்களில் ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் கண்ணாடிக்குக் கிட்டே வந்து தன் நெற்றி முடியைச் சரிசெய்துகொண்டு போனாள்.

மேடம் கைப்பையை வைத்தார். செருப்பைக் கழற்றினார். மூன்றாம் கட்டிலில் முதலில் உட்கார்ந்தார், அப்புறம் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, தூங்கிவிட்டாரோ என்று மெத்தைக்கா எட்டிப் பார்த்தாள். மேடத்தின் கண் திறந்தே இருந்தது.

"ஒம்பது வருஷமா இதை வித்துக்கிட்டு இருக்கேன்" என்றார் மேடம் மெதுவாக. "ஒரு கடையிலயும் நான் படுத்ததில்ல. இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாது."

மெத்தைக்கா பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மேல அடிச்சிருக்கற கலர் யாரு யோசனை? ரொம்ப நல்லா இருக்கு" என்றார் மேடம்.

"எது மேடம்?"

"மேல. சீலிங். நீங்க பாத்ததில்லையா? படுத்துப் பாருங்க."

இரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறவள், ஏழு மெத்தைக்கும் தினம் தூசி தட்டி விரிப்பு மாற்றுகிறவள், தானும் ஒருநாள்கூடப் படுத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் மெத்தைக்காவுக்கே தெரிந்தது. உட்கார்ந்த கட்டிலிலேயே படுத்தாள். கூடை விளக்கின் வெளிச்சம் எல்லாம் கீழே கொட்டியது. அதற்கும் மேலே, நின்று பார்க்கிறவர் கண்ணுக்குப் பழைய வெள்ளைபோல மங்கிக் கிடந்த இடத்தில், கண் பழகப் பழக நிறம் தெரிய ஆரம்பித்தது. சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முந்தின வானம் மாதிரி இளம் ஊதா. அவளுடைய ரிப்பனின் நிறம். கூரை முழுக்க, ஒரு திட்டு இல்லாமல், இரண்டு கோட்.

அப்படியே படுத்துக்கொண்டே போனை எடுத்து அழுத்தினாள்.

"அண்ணே, நான்தான் மெத்தைக்கா. மேல பூவை அடிச்சிருக்கீங்களே?"

அந்தப் பக்கம் ஏணி கிறீச்சென்றது. "அதைத்தானேம்மா அன்னைக்கே சொல்ல வந்தேன். மேல பாருங்கன்னேன், நீங்க சாமியைக் கூப்பிட்டுட்டு போனை வச்சுட்டீங்க."

"எதுக்குண்ணே ரெண்டையும் அடிச்சீங்க?"

"நீங்க பூன்னும் சொல்லல, காய்ன்னும் சொல்லல. தப்பா போயிடக்கூடாதுன்னு ரெண்டையும் வாங்கிட்டு வந்தேன். செடியில பூ மேல இருக்கும், காய் கீழ தொங்கும். அது மாதிரியே அடிச்சுட்டேன்."

மெத்தைக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. "நான் பூன்னு சொல்லலண்ணே" என்றாள். "சொன்னேன்னு உங்ககிட்ட கத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

"அட, அதை விடும்மா. பூசுன சுவரு நல்லா இருக்கா, அதைச் சொல்லு."

பக்கத்துக் கட்டிலிலிருந்து மேடத்தின் கை நீண்டது. "அந்தப் பெயின்டர் நம்பரை எனக்கும் குடுங்க" என்றார். படுத்தபடியே படிவத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, 'ஆம்' கட்டத்தையும் 'இல்லை' கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டையும் விட்டுவிட்டு, ஓரத்தில் பேனாவால் ஏதோ எழுதினார்.

"என்ன எழுதுனீங்க மேடம்?"

"'முதலில் படுத்துப் பார்க்கவும்'னு. மேலிடத்துக்கு." மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "அவங்க கேள்வி கேப்பாங்க. நான் பதில் சொல்லிக்கறேன். வெளியில பலகை மட்டும் ஆரஞ்சாவே இருக்கட்டும். உங்க ஏஜென்சி எங்கயும் போகாதும்மா."

மெத்தைக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். மார்பிலிருந்து ஒரு மாசத்துப் பாரம் இறங்கியது. வாசலில் யாரோ வரும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கடைக்காரர்தான், சாப்பிட்ட கையோடு. தலையை நீட்டி இரண்டு கட்டிலையும் பார்த்துவிட்டு, வரிசையில் நிற்கிறவரின் பணிவோடு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அடுத்து யாரு?"